முள்ளைத் தூக்காமல் கேட்க ஒரே ஒரு ராக் ஆல்பம் சொல்லுங்கள்

#1 ஊசிமுனை (சனி, இரவு 9.40)

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வீடு மாறும்போது தம்முடைய ரெக்கார்டு பிளேயரையும் 14 இசைத்தட்டுகளையும் என் தலையில் கட்டிவிட்டார். விலையும் கொஞ்சமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது: கைப்பேசியில் பாட்டுக் கேட்டுப் பழகிய விரலுக்கு இங்கே வேலையே இல்லை. பிடிக்காத பாட்டைத் தாண்ட வேண்டுமானால் எழுந்து போய், முள்ளைத் தூக்கி, இரண்டு பாட்டுக்கு நடுவே பளபளக்கும் மெல்லிய கோட்டைக் குறி பார்த்து இறக்க வேண்டும். என் கை நடுக்கத்துக்குத் தட்டில் கீறல்தான் மிஞ்சும். ஆகவே வருகிற பாட்டையெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். இத்தனை வருடமாக எதையுமே முழுதாகக் கேட்டதில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

கேள்வி இதுதான். 1965 முதல் 1980 வரை வந்த ராக் ஆல்பங்களில் தொடங்கினால் முடிக்காமல் எழ முடியாதது எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள். தேர்ந்தெடுத்த பாட்டுகளின் தொகுப்பு செல்லாது. அந்த ஆல்பத்தில் தாண்டத் தோன்றுகிற பாட்டு எது, ஏன் தாண்டவில்லை என்றும் சொல்ல வேண்டும். முள்ளைத் தூக்கினால் ஆட்டம் காலி.

என்னுடையது பீட்டில்ஸின் 'அபே ரோடு'. தாண்டத் தோன்றுவது 'மேக்ஸ்வெல்ஸ் சில்வர் ஹாமர்'. ஏன் தாண்டவில்லை என்பதற்கு மேலே சொன்ன கை நடுக்கம்தான் இப்போதைக்குக் காரணம். நல்ல காரணம் யாராவது சொன்னால் நன்றி.

#2 நூறுதட்டு (சனி, இரவு 9.52)

'பெட் சவுண்ட்ஸ்', 'ரிவால்வர்', 'ஜிக்கி ஸ்டார்டஸ்ட்', 'பார்ன் டு ரன்', 'லேலா', 'அக்வாலங்', 'ஹோட்டல் கலிஃபோர்னியா', 'எல்.ஏ. உமன்', 'பாரனாய்டு'. இன்னும் இருக்கின்றன, காலையில் எழுதுகிறேன்.

#3 நெறியாளர் (சனி, இரவு 9.55)

நண்பரே, ஒன்று என்றால் ஒன்று. காலையில் வர வேண்டாம்.

#4 மொட்டைமாடி (சனி, இரவு 10.20)

பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைடு ஆஃப் த மூன்', 1973. வேறு எதைச் சொன்னாலும் என் அண்ணன் மன்னிக்க மாட்டார்.

நான் இதைத் தட்டில் கேட்டதே இல்லை. எண்பதுகளில் கேசட் பதிவு செய்து தரும் கடைகள் இருந்தது நினைவிருக்கிறதா? வெறும் கேசட்டும் கையெழுத்தில் ஒரு பட்டியலும் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு வாரத்தில் தயாராக இருக்கும். அண்ணன் 90 நிமிடக் கேசட் ஒன்றைக் கொடுத்தார். ஆல்பம் 43 நிமிடம், கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். மீதி இரண்டு நிமிடத்தை வீணாக்கக் கூடாது என்று அந்தக் கடைக்காரர் டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டைப் போட்டுவிட்டார். அது பாதியில், வரியின் நடுவே அறுந்துவிடும்.

ஆல்பம் இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே அடங்குகிறது. துடிப்பு தேய்ந்து மறைகிறது, அமைதி, உடனே அந்த கிட்டார். எட்டு வருடம் இதுதான் பிங்க் ஃபிளாய்டு வைத்த முடிவு என்று நம்பிக்கொண்டிருந்தேன். இறந்தவன் எழுந்து நடக்கிறான் என்றெல்லாம் கல்லூரியில் விளக்கம் கொடுத்திருக்கிறேன். கேட்டுத் தலையாட்டியவர்களும் உண்டு.

தாண்டத் தோன்றுவது 'ஆன் த ரன்'. பாடல் என்று எதுவும் இல்லை, சிந்தசைசர் என்கிற மின்னிசைக் கருவி ஒன்று எலிபோல ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த ஓட்டம் இல்லாவிட்டால் அடுத்து 'டைம்' பாட்டில் எல்லாக் கடிகாரங்களும் ஒன்றாக அடிக்கும்போது தூக்கிவாரிப் போடாது. கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வைத்திருந்தவர் ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ். முதலில் அது இந்த ஆல்பத்துக்காகப் பதிவு செய்ததே அல்ல, நான்கு ஸ்பீக்கர் முறையைச் செய்து காட்டுவதற்காக.

#5 ஊசிமுனை (சனி, இரவு 10.31)

மொட்டைமாடி அண்ணா, அந்தக் கேசட் இன்னும் இருக்கிறதா?

#6 மொட்டைமாடி (சனி, இரவு 10.33)

இருக்கிறது. ஓடவில்லை. எறிய மனமில்லை.

#7 இரண்டாம்பக்கம் (சனி, இரவு 11.15)

ஊசிமுனை கேட்ட நல்ல காரணத்தைத் தர முயல்கிறேன். 'மேக்ஸ்வெல்' மெக்கார்ட்னி எழுதிய பாட்டு, அதைப் பதிவு செய்யும்போது பீட்டில்ஸில் மற்ற மூவருமே (லெனான், ஹாரிசன், ரிங்கோ) சலித்துப் போனார்கள். உண்மையான கொல்லன் பட்டடை ஒன்றை ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்து அடித்தார்கள். அந்தப் பட்டடைச் சத்தத்துக்காக மட்டும் பொறுத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் அந்தப் பாட்டுக்காக வாதாட என்னால் ஆகாது.

ஆனால் அபே ரோட்டின் உயிர், பாட்டுகளில் இருப்பதைவிட முதல் பக்கம் முடிகிற இடத்தில் இருக்கிறது. 'ஐ வான்ட் யூ' கிட்டத்தட்ட எட்டு நிமிடம். கடைசி மூன்று நிமிடம் ஒரே கிட்டார் வட்டம், திரும்பத் திரும்ப, மேலே மூக் சிந்தசைசரிலிருந்து காற்றிரைச்சல் ஏறிக்கொண்டே போகிறது. ஏதோ ஒன்று வெடிக்கப்போகிறது என்று காத்திருக்கும்போது சட்டென்று வெட்டு. கத்தரிக்கோலால் நாடாவை அறுத்த வெட்டு. லெனான் காட்டிய இடத்தில் வெட்டினார்கள்.

இப்போது என்ன செய்ய வேண்டும்? எழுந்து போக வேண்டும். தட்டைத் திருப்ப வேண்டும், தூசியைத் துடைக்க வேண்டும், முள்ளை வைக்க வேண்டும். காதில் இன்னும் அந்த இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். அரை நிமிடம் கழித்து 'ஹியர் கம்ஸ் த சன்' தொடங்குகிறது. எரிக் கிளாப்டன் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து ஹாரிசன் எழுதிய பாட்டு. அந்த அரை நிமிடம் இல்லாமல் அந்த வெயிலுக்கு அர்த்தமில்லை. குறுந்தகட்டில் இரண்டே விநாடியில் அடுத்த பாட்டு வந்துவிடுகிறது. இருட்டிலிருந்து வெளியே வருவதற்குள் யாரோ திரைச்சீலையை இழுத்துத் திறந்தது போலிருக்கிறது.

ஆகவே 'முழுதாகக் கேட்பது' என்றால் நடுவே எழுந்து நடப்பதும் சேர்த்துத்தான் என்பேன். ஒரு பக்கம் 20, 22 நிமிடம் என்பது 1948-இல் நெடுநேர இசைத்தட்டு வந்த நாளிலிருந்தே உள்ள கணக்கு. அதற்குள்தான் இவர்கள் கட்டினார்கள்.

#8 கலைத்துப்போடு (ஞாயிறு, காலை 7.05)

எல்லோருக்கும் காலை வணக்கம். ஒருவன் எதிர்த்துப் பேசாவிட்டால் இழை சுவைக்காது, அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பாட்டு வரிசை என்பது வேதமா? 1966-இல் அமெரிக்காவில் 'ரிவால்வர்' வாங்கியவருக்கு 14 பாட்டுக்குப் பதில் 11 பாட்டுத்தான் கிடைத்தது. லெனானின் மூன்று பாட்டுகளை அங்கே ஏற்கெனவே வேறு ஆல்பத்தில் போட்டு விற்றுவிட்டார்கள். 'சார்ஜண்ட் பெப்பர்' வரும் வரை அமெரிக்கர் கேட்ட பீட்டில்ஸ் வேறு, ஆங்கிலேயர் கேட்டது வேறு. இதில் எது 'தொடக்கம் முதல் இறுதி வரை'?

இன்னொன்று. அந்தக் காலத்து எட்டுத்தடக் கேசட்டில் (8-track) ஆல்பத்தை நான்கு சம துண்டாக்க வேண்டும் என்பதற்காகப் பாட்டுகளை இடம் மாற்றினார்கள், நடுவில் அறுத்தார்கள். பிங்க் ஃபிளாய்டின் 'அனிமல்ஸ்' தட்டில் 'பிக்ஸ் ஆன் த விங்' தொடக்கத்தில் பாதி, முடிவில் பாதி. எட்டுத்தடத்தில் இரண்டையும் ஸ்னோயி ஒயிட் வாசித்த கிட்டாரால் ஒட்டினார்கள். அந்த கிட்டார் தட்டில் இல்லை. அழகான வாசிப்பு. தட்டுப் பக்தர்கள் அதைக் கேட்காமலே போய்ச் சேருவார்கள்.

வரிசையை விற்பனையும் கருவியின் அளவும் முடிவு செய்தன. அதைக் கலை என்று நாம் பிறகு சொல்லிக்கொள்கிறோம். மொட்டைமாடி ஐயாவின் கடைக்காரர் செய்ததும் அதே வேலைதான்.

#9 மொட்டைமாடி (ஞாயிறு, காலை 7.40)

கடைசி வாக்கியத்துக்கு விருப்பக்குறி போட்டிருக்கிறேன். மற்றதற்கு இல்லை.

#10 இரவுப்பணி (ஞாயிறு, காலை 8.25)

பணி முடிந்து இப்போதுதான் வந்தேன், தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன். என் தேர்வு ஃபிளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்', 1977. கலைத்துப்போடு தம்பி சொன்னதற்கு இதுவே சாட்சி, இதுவே மறுப்பும்.

கதை தெரிந்ததுதான். குழுவில் ஒரு தம்பதி விவாகரத்து, ஒரு காதல் ஜோடி (பக்கிங்ஹாம், ஸ்டீவி நிக்ஸ்) பிரிவு, டிரம்ஸ் வாசிப்பவரின் குடும்பமும் கலைந்தது. ஐந்து பேரும் ஒரே ஸ்டுடியோவில் ஒருவரைப் பற்றி மற்றவர் எழுதிய பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள். 'கோ யுவர் ஓன் வே' என்று தன்னைப் பார்த்து பக்கிங்ஹாம் எழுதிய பாட்டுக்கு ஸ்டீவி நிக்ஸ் பின்குரல் கொடுக்க வேண்டும். எங்கள் வார்டில் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேருக்கு ஒரே இரவுப்பணி விழுந்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நோயாளிக்கு ஊசி போட்டுத்தானே ஆக வேண்டும்?

இதில் நிக்ஸ் எழுதிய 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' பாட்டை இடமில்லை என்று தூக்கிவிட்டார்கள். நீளமான பாட்டு. பதிலாக அவர் எழுதிய சின்னப் பாட்டு ஒன்றையே போட்டார்கள். அவரைத் தூக்கி எறிந்த பாட்டு எதுவோ, அதே 'கோ யுவர் ஓன் வே' சிறுதட்டின் பின்பக்கத்தில் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' போய் உட்கார்ந்தது. 2004 மறுபதிப்பில் அதை ஆல்பத்துக்குள்ளேயே, 'சாங்பேர்டு', 'த செயின்' இரண்டுக்கும் நடுவே செருகினார்கள். நியாயம் கிடைத்தது என்று ஆசையோடு கேட்டேன். பொருந்தவில்லை! பாட்டின் குற்றமல்ல. 'சாங்பேர்டு' கிறிஸ்டின் மெக்வீ காலியான அரங்கில் பியானோவோடு பாடியது, முதல் பக்கத்தின் கடைசி. அதற்குப் பின் ஒன்றும் வரக் கூடாது. தட்டைத் திருப்ப வேண்டும். பிறகு 'த செயின்'.

ஆகவே தம்பி, வரிசையை வைத்தது நியாயமாக இல்லாமல் இருக்கலாம். வைத்த பிறகு அது பிடித்துக்கொள்கிறது.

தாண்டத் தோன்றுவது 'ஓ டாடி'. அது ஓடும்போது தேநீர் போடுவேன். சமையலறை வரை கேட்கும், ஆகவே தாண்டியதாகாது.

#11 கலைத்துப்போடு (ஞாயிறு, காலை 9.10)

அக்கா, தூங்குங்கள். மறுப்பு மதியம்.

#12 இரண்டாம்பக்கம் (ஞாயிறு, காலை 10.30)

இரவுப்பணி சொன்ன 'சாங்பேர்டு' விஷயத்தில் ஒரு சேர்க்கை. மென்மையான பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைப்பதற்கு ஒரு பௌதிகக் காரணமும் உண்டு. தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுத்துக்கொள்கிறது, வெளி ஓரத்திலும் அதே, உள்ளேயும் அதே. ஆனால் வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 50 செண்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, உள் ஓரத்தில் 20 சொச்சம்தான். ஒரே அளவு ஒலியை அதில் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். அதனால் உள்ளே போகப் போக ஜால்ராச் சத்தம் மங்கும், ‘ஸ’ எழுத்தெல்லாம் எச்சில் தெறிப்பது போல் பிசிறடிக்கும். ஆர்ப்பாட்டமான பாட்டை முதலிலும் அடக்கமானதைக் கடைசியிலும் வைத்தால் பிழைத்தோம்.

#13 நாலுகுச்சி (ஞாயிறு, மதியம் 12.50)

மன்னிக்க வேண்டும், இந்தப் பௌதிகம் லெட் ஜெப்லினுக்குத் தெரியாது போலிருக்கிறது. 1971-இல் வந்த நான்காவது ஆல்பத்தில் முதல் பக்கத்தின் கடைசி 'ஸ்டேர்வே டு ஹெவன்'. புல்லாங்குழல் மாதிரித் தொடங்கி, முடிவை நெருங்கும்போது கத்துகிறது. இரண்டாம் பக்கத்தின் கடைசி 'வென் த லெவி பிரேக்ஸ்'. கூரை இடிகிற டிரம்ஸ். இரண்டும் உள் ஓரத்தில்!

அந்த டிரம்ஸைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். ஹெட்லி கிரேஞ்ச் என்பது இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் ஒரு பழைய கட்டடம், ஒரு காலத்தில் ஏழைகளை வேலை வாங்கித் தங்கவைத்த விடுதி. ஜான் பானமின் டிரம்ஸைக் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே போட்டார்கள். மைக்கை டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைக்காமல் மேலே படிக்கட்டில் தொங்கவிட்டார்கள், இரண்டே இரண்டு. நீங்கள் கேட்பது டிரம்ஸை அல்ல, அந்த மாடிப்படியை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் நான் ஒருமுறை எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிப் பார்த்தேன். சத்தம் கொஞ்சம் அதே மாதிரி வந்தது. மூன்றாம் மாடியிலிருந்து வந்த சத்தம் வேறு மாதிரி.

'லெவி' பாட்டின் மூலவடிவம் 1929-இல் மெம்ஃபிஸ் மின்னியும் கேன்சஸ் ஜோவும் பதிவு செய்தது, மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி. அணை உடைகிற பாட்டை ஆல்பத்தின் முதலில் வைக்க முடியுமா? உடைந்த பிறகு என்ன இருக்கிறது?

தாண்டத் தோன்றுவது 'ஃபோர் ஸ்டிக்ஸ்'. என் பெயரே அதிலிருந்து வந்தது, இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். கைக்கு இரண்டு குச்சியாகப் பிடித்துக்கொண்டு பானம் வாசித்ததால் அந்தப் பெயர். பாட்டாக அது கொஞ்சம் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆனால் அடுத்து வரும் 'கோயிங் டு கலிஃபோர்னியா' அவ்வளவு குளிர்ச்சியாக இருப்பது இதன் புழுக்கத்தால்தான்.

#14 இரண்டாம்பக்கம் (ஞாயிறு, மதியம் 1.15)

ஏற்கிறேன், விதி அல்ல, பழக்கம். ஒரு திருத்தம்: உள் ஓரத்தில் அடிபடுவது முக்கியமாகக் கூர்மையான மேல் ஒலிகள். 'லெவி' முழுக்க அடிவயிற்றுச் சத்தம், ஓரளவு தப்பித்துக்கொள்ளும். 'ஸ்டேர்வே' விஷயத்தில் பதில் இல்லை. குடத்தைப் பற்றி இன்னும் விவரமாக எழுதலாமே.

#15 கலைத்துப்போடு (ஞாயிறு, பிற்பகல் 2.30)

மறுப்பு தயாராக வைத்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே 'ஹூஸ் நெக்ஸ்ட்' போட்டுப் பார்த்தேன், த ஹூ குழு, 1971. இது வாதத்துக்கு உதவும் என்றுதான் எடுத்தேன். குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 'லைஃப்ஹவுஸ்' என்று பெரிய கதை ஒன்றைக் கட்டப் போய், யாருக்கும் புரியாமல், அவரே நொறுங்கிப்போனார். கிளின் ஜான்ஸ் என்கிற ஒலிப்பதிவாளர், கதையை விடுங்கள், நல்ல பாட்டுகளை எடுத்து ஒரே தட்டாகப் போடலாம் என்றார். அதாவது இடிந்த வீட்டின் செங்கல். வரிசைக்குப் பின்னால் ஒரு கதையும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சிக்கல் என்னவென்றால், 'பாபா ஓ'ரைலி' தொடங்கியதும் சாப்பிட்ட தட்டைக் கழுவப் போகாமல் உட்கார்ந்துவிட்டேன். ஆன்மிக குரு மெஹர் பாபா பாதி, இசையமைப்பாளர் டெர்ரி ரைலி பாதி என்று பெயரிலேயே ஒட்டுப்போட்ட பாட்டு. கடைசியில் 'வோன்ட் கெட் ஃபூல்டு அகெய்ன்', எட்டரை நிமிடம், அதிலும் அதே மாதிரி ஆர்கன் துடிப்பு. முதலும் கடைசியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. கதை செத்த பிறகும் உடம்பில் சூடு இருக்கிறது.

தோற்றேன் என்று சொல்லவில்லை. சோறு காய்ந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

#16 நூறுதட்டு (ஞாயிறு, மாலை 4.00)

யோசித்து ஒன்றுக்கு வந்திருக்கிறேன்: ரோலிங் ஸ்டோன்ஸ், 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்', 1972. 18 பாட்டு, இரண்டு தட்டு, நான்கு பக்கம். வருமான வரிக்குப் பயந்து இங்கிலாந்தைவிட்டுப் போய், பிரான்சின் தென்கடற்கரையில் ஒரு மாளிகையின் அடித்தளத்தில் வியர்த்து வழிந்து பதிவு செய்தது. ஒலி சேறுபோல இருக்கும். பாடகர் ஜாகர் என்ன பாடுகிறார் என்று பாதி இடத்தில் புரியாது. மூன்றாம் பக்கம் முழுவதையுமே தாண்டத் தோன்றும். தாண்டினால் நான்காம் பக்கத்தில் 'ஷைன் எ லைட்' வரும்போது அழுகை வராது, அவ்வளவுதான்.

#17 நெறியாளர் (ஞாயிறு, மாலை 4.08)

ஒன்று என்று சொல்லி இரண்டு தட்டைக் கொண்டுவந்துவிட்டார். அனுமதிக்கிறேன்.

எல்லோருக்கும் ஒரு பழைய செய்தி: ஸ்பாட்டிஃபையில் ஆல்பத்தைத் திறந்தால் பாட்டுகளைக் கலைத்துப் போடும் பொத்தான்தான் முன்னால் இருந்தது. 2021 நவம்பரில் பாடகி அடேல் கேட்டுக்கொண்ட பிறகு வரிசைப்படி ஓடுவதை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். கலைத்துப்போடு தம்பி பெயரை மாற்றிக்கொள்வது பற்றி யோசிக்கலாம்.

#18 இரண்டாம்பக்கம் (ஞாயிறு, மாலை 6.20)

ஊசிமுனை, 'அபே ரோடு' இன்றிரவு கேட்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 'த எண்ட்' முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். ரிங்கோவின் டிரம்ஸ், மூன்று பேர் மாற்றி மாற்றி வாசிக்கும் கிட்டார், கடைசி வரி எல்லாம் முடிந்து ஒரு 14 விநாடி ஒன்றும் இருக்காது. பிறகு 'ஹெர் மெஜஸ்டி', 23 விநாடி. அது முதலில் 'மீன் மிஸ்டர் மஸ்டர்டு' பாட்டுக்கும் 'பாலிதீன் பாம்' பாட்டுக்கும் நடுவே இருந்தது. மெக்கார்ட்னி வேண்டாம் என்று எடுக்கச் சொன்னார். எதையும் எறியக் கூடாது என்பது அந்த ஸ்டுடியோவின் கட்டளை. ஆகவே உதவியாளராக இருந்த ஜான் குர்லாண்டர் அதை நாடாவின் கடைசியில் ஒட்டிவைத்தார். கேட்டுப் பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள். தொடக்கத்தில் பலமாக விழும் அடி முந்தைய பாட்டின் கடைசி அடி. முடிவில் அதனுடைய சொந்தக் கடைசி அடியைக் காணோம், அது பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

#19 ஊசிமுனை (ஞாயிறு, இரவு 10.45)

கேட்டு முடித்தேன். முடித்தேன் என்று சொல்லலாமா தெரியவில்லை.

அப்பாவும் உடன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலப் பாட்டு என்றாலே இரைச்சல். பிளேயர் ஓடுவதைப் பார்க்கத்தான் வந்தார், கையில் செய்தித்தாள். 'ஐ வான்ட் யூ' வளர்ந்துகொண்டே போனது. அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அந்த வெட்டு விழுந்ததும் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார். "கரண்ட் இருக்கிறதே?" என்றார்.

தட்டைத் திருப்பினேன். இரண்டாம்பக்கம் சொன்ன அந்த அரை நிமிடம் உண்மைதான். அப்பா ஒன்றும் பேசவில்லை. 'பிகாஸ்' வந்தபோது மட்டும் எத்தனை பேர் பாடுகிறார்கள் என்று கேட்டார். மூன்று பேர், மும்முறை பாடிச் சேர்த்தது என்றேன். "ஒன்பது" என்று சொல்லிக்கொண்டார்.

பிறகு ஒன்றோடொன்று கோத்து வரும் பாட்டுகள், 16 நிமிடம். நான் கண்ணை மூடியிருந்தேன். 'த எண்ட்' முடிந்தது. 14 விநாடியை எண்ணத் தொடங்கினேன். எட்டு வரை எண்ணியபோது டக்கென்று ஒரு சத்தம். அப்பா எழுந்து போய் முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தட்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, இன்னும் ஒரு பாட்டு இருக்கிறது."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உறையின் பின்பக்கத்தை என் முன் நீட்டினார். என்னுடையது பழைய அச்சு. அந்தக் காலத்து உறைகளில் 'ஹெர் மெஜஸ்டி' பெயரே போடவில்லை.

"எங்கே இருக்கிறது, காட்டு. முடிவு என்று அவனே எழுதியிருக்கிறான்."

#20 நெறியாளர் (ஞாயிறு, இரவு 10.52)

முள் தூக்கப்பட்டதால் ஊசிமுனையின் தேர்வு செல்லாது.